படகுக்கு எண்ணெய் நிரப்பும்போது வழிவதும் வாடை தங்குவதும்: தடுக்கும் வழிகள்

மீன்பிடி துறைமுகங்களை ஒட்டிக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்குப் படகுத் தொழில் அடுத்தவர் தொழில் அல்ல. காசிமேடு, கடலூர், நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி, சின்னமுட்டம் என்று எந்தத் துறையை எடுத்துக் கொண்டாலும், படகு கடலுக்குப் புறப்படும் முன் அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த் தூள், தேயிலை, வெங்காயம் எல்லாம் நம் கடைகளிலிருந்துதான் போகின்றன. பெரும்பாலும் கடனுக்கே போகின்றன. படகு கரை திரும்பி, மீன் ஏலம் போய், கணக்குத் தீர்ந்த பிறகுதான் நம் பற்று வரவு ஆகிறது. ஆகவே படகுக்கு வரும் சேதம் எதுவானாலும் அதில் ஒரு பங்கு நம் கணக்கு நோட்டில் வந்து விழுகிறது.

அந்தச் சேதங்களில் பலரும் சிறிதாக நினைப்பது டீசல், பெட்ரோல் நிரப்பும்போது ஏற்படும் வழிவும், அதன்பின் படகில் தங்கும் வாடையும். "கொஞ்சம் சிந்தத்தான் செய்யும், கடல் காற்றில் போய்விடும்" என்று விட்டுவிடுகிறார்கள். சிந்தியது கடலோடு போவதில்லை. டேங்க் இருக்கும் இடத்திலும், பலகை இடுக்கிலும், ஐஸ் பெட்டி ஓரத்திலும் தங்குகிறது. பிறகு மீனின் விலையைக் குறைக்கிறது, சாமான்களைக் கெடுக்கிறது, நேரம் பொருந்தினால் தீயாகவும் மாறுகிறது. இது ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது, வியாபாரிகளாகிய நாம் இதில் செய்யக் கூடியது என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

நஷ்டக் கணக்கு

முதலில் காசுக் கணக்கு. ஒரு பைபர் படகு ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் அரை லிட்டர் வழிய விடுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 200 தடவை கடலுக்குப் போனால் 100 லிட்டர். இன்றைய விலையில் பெருக்கிப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் சில மாத மளிகைக் கணக்கு தண்ணீரில் போயிருப்பது தெரியும்.

இதைவிடப் பெரியது வாடையால் வரும் நஷ்டம். மீனும் ஐஸும் டீசல் வாடையை உடனே வாங்கிக் கொள்ளும். ஏலக் கூடத்தில் வாங்குபவர் கூடையை மூக்கருகே கொண்டு போனாலே தெரிந்துவிடும். அந்தக் கூடையின் விலை அங்கேயே இறங்கிவிடும். ஏற்றுமதிக்கு எடுப்பவரானால் சரக்கையே ஒதுக்கிவிடுவார். அரிசி, மாவு, சர்க்கரை, தேயிலை ஆகியவையும் வாடையை இழுக்கும் சரக்குகள் என்பதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்த தேயிலைப் பெட்டி என்ன ஆகும் என்று கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, தீ. 2023 நவம்பர் 19ஆம் தேதி இரவு விசாகப்பட்டினம் மீன்பிடி துறைமுகத்தில் ஏற்பட்ட தீயில் சுமார் 40 விசைப்படகுகள் சேதமடைந்தன. படகுகளில் இருந்த டீசலும் சமையல் கேஸ் சிலிண்டர்களும் தீயைப் பெருக்கியதாக அப்போது செய்திகள் வந்தன. ஒன்றோடொன்று கட்டி நிறுத்திய படகுகளில் ஒன்று பற்றினால் மற்றவை தப்புவது கடினம். நம் துறைமுகங்களிலும் படகுகள் அப்படித்தான் நிற்கின்றன.

ஏன் வழிகிறது?

நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். வாய் குறுகிய பாட்டிலில் புனலை இறுக்கமாக வைத்து நல்லெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் இறங்காமல் நிற்கும்; பிறகு "களக்" என்று காற்று மேலே வரும்; எண்ணெய் புனலுக்கு வெளியே தெறிக்கும். புனலைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் சீராக இறங்கும். காரணம், பாட்டிலில் இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். படகு டேங்கிலும் இதே கதைதான்.

விசைப்படகின் டேங்கில் எண்ணெய் ஊற்ற ஒரு குழாயும், காற்று வெளியேற ஒரு சிறு குழாயும் இருக்கும். இந்தக் காற்றுக் குழாய் சரியாக வேலை செய்யாவிட்டால், டேங்க் பாதிகூட நிரம்பாத நிலையிலேயே எண்ணெய் திருப்பி எக்கும். அது கெடுவதற்குரிய காரணங்கள் இவை:

1. குழாயின் வாயில் உப்பும் துருவும் படிவது. வலைத் துணுக்கு அடைப்பது. பல நாள் நிற்கும் படகில் குளவி மண்கூடு கட்டுவது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அதன் பிறகு முதல் தடவை நிரப்பும்போதுதான் இந்தக் கோளாறு அதிகம் தெரியும்.

2. குழாய் நடுவில் தொங்கிப் பள்ளமாக இருப்பது. அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கி நின்று காற்றை மறிக்கும்.

3. சாமான், நங்கூரம், வலைக் கட்டு எதையாவது மேலே போட்டுக் குழாய் நசுங்குவது.

4. ஊற்றும் குழாயே நீளமாக வளைந்து போவது. வேகமாக ஊற்றினால் எண்ணெய் வளைவில் நின்று மேலே திரும்பி வரும்.

அடுத்தது வேகம். லாரிக்கு அடிக்கும் வேகத்தில் படகு டேங்குக்கு அடித்தால் டீசல் நுரைக்கும். நுரை மேலே வந்து, டேங்க் நிரம்பியது போலக் காட்டி வழியும். நுரை அடங்கிய பிறகு பார்த்தால் டேங்கில் இடம் இருக்கும். பங்கின் துப்பாக்கி தானாக நின்றுவிடும் என்று நம்பி இருப்பதும் சரியல்ல. அந்தத் துப்பாக்கியின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. எண்ணெய் அந்தத் துளையை மூடும்போது உள்ளே காற்று இழுப்பது தடைப்பட்டு விசை விழுகிறது. படகின் நீண்ட குழாயில் சில நேரம் நுரை பட்டே முன்கூட்டி நிற்கும். சில நேரம் காற்றுக் குழாய் வழியாக எண்ணெய் வெளியே ஓடிக் கொண்டிருக்கும்போதும் நிற்காமல் இருக்கும்.

மூன்றாவது காரணம் வெயில். எண்ணெய் சூட்டில் விரியும். வெப்பம் 10 டிகிரி கூடினால் டீசல் ஏறக்குறைய நூற்றுக்கு 0.8 பங்கும், பெட்ரோல் ஏறக்குறைய நூற்றுக்கு 1 பங்கும் பெருகும். பங்கில் தரைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து வரும் டீசல் சற்றுக் குளிர்ந்திருக்கும். 500 லிட்டர் டேங்கைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு, வெயிலில் அது 15 டிகிரி சூடேறினால் சுமார் 6 லிட்டர் இடமில்லாமல் வெளியே வரும். மாலையில் நிரப்பியபோது ஒரு சொட்டும் சிந்தவில்லையே, மறுநாள் பகலில் எப்படி வாடை வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அளந்து நிரப்பும் முறை

கண்ணால் பார்த்து நிரப்புவதை விட்டுக் கணக்கால் நிரப்ப வேண்டும். இது வியாபாரிகளுக்குக் கைவந்த முறை. டேங்கில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நிரப்புவதில்லை என்று வைத்துக் கொள்வது நல்லது. 300 லிட்டர் டேங்க் என்றால் 270 லிட்டர். அளவு குச்சி விட்டுப் பார்த்ததில் இருப்பு 120 லிட்டர் என்றால், வாங்க வேண்டியது 150 லிட்டர் மட்டுமே. பங்கில் "ஃபுல் பண்ணுங்க" என்று சொல்லாமல் "150 லிட்டர்" என்று சொல்ல வேண்டும். டேங்க் புதிதாகப் போடும்போதே 20 லிட்டர், 20 லிட்டராக ஊற்றிக் குச்சியில் கோடு போட்டு வைத்துக் கொண்டால் எப்போதும் உதவும். பங்கில் கொடுத்த அளவு சரிதானா என்று பார்க்கவும் அந்தக் குச்சி ஒரு சாட்சி.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

1. படகைக் கரையோடு நன்றாகக் கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்ய வேண்டும். ஒருபுறம் சாய்ந்த படகில் குச்சி தவறான அளவைக் காட்டும். காற்றுக் குழாயின் உள்வாயும் எண்ணெயில் மூழ்கும்.

2. எஞ்சின், அடுப்பு, விளக்கு, பேட்டரி சுவிட்ச் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் இருந்தால் அதன் வால்வையே மூட வேண்டும். பீடி, சிகரெட் கூடாது.

3. எஞ்சின் அறை, கீழ் அறை ஆகியவற்றின் கதவுகளை நிரப்பும் நேரத்தில் மூடி வைக்க வேண்டும். ஆவி மேலிருந்து கீழே இறங்காமல் இருக்க இது உதவும். நிரப்பி முடித்த பிறகு எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றாட விட வேண்டும்.

4. ஒருவர் துப்பாக்கியைப் பிடிக்க, இன்னொருவர் காற்றுக் குழாயின் அருகே நிற்க வேண்டும். குழாயில் காற்று வரும் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். சத்தம் மாறிக் கொப்பளித்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

5. காற்றுக் குழாயின் வாயில் ஒரு பாட்டிலையோ துணியையோ பிடித்துக் கொள்ளலாம். ஆனால் வாயை அடைக்கக் கூடாது.

6. கடைசி 20 லிட்டரை மெதுவாக விட வேண்டும். பெரும்பாலும் வழிவது அப்போதுதான்.

7. துப்பாக்கியின் நுனி குழாயின் கழுத்தில் பட்டுக் கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பொறியாகத் தாவாமல் இருக்க இது அவசியம்.

8. மூடியைப் போடும்முன் அதிலுள்ள ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். சில ரூபாய் வளையம் வெடித்திருந்தால், எண்ணெய் வாடை மேலே வரும். கடல் தண்ணீர் டேங்குக்குள் போகும்.

9. எஞ்சினை எடுக்கும்முன் கீழே குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும். வாடை இருந்தால் எஞ்சினை எடுக்கவே கூடாது.

பைபர் படகும் கேன்களும்

அவுட்போர்டு மோட்டார் வைத்த சிறு படகுகளில் எண்ணெய் பெரும்பாலும் கேனில்தான் வருகிறது. இங்கே ஆபத்து அதிகம். பெட்ரோல் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, படகின் அடியில் இறங்கித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்தாலே ஒரு பொறி போதும். டீசலும் மண்ணெண்ணெயும் இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் நம் நாட்டுத் தர விதிப்படி அவற்றின் தீப்பற்றும் நிலை குறைந்தது 35 டிகிரி என்றுதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் படகுப் பலகையின் சூடு அதைத் தாண்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே கழற்றக் கூடிய டேங்காக இருந்தால் அதைக் கரைக்குக் கொண்டு வந்து, தரையில் வைத்து நிரப்ப வேண்டும். படகிலோ, மூன்று சக்கர வண்டியின் மேலோ வைத்து நிரப்பக் கூடாது. தரையில் வைத்தால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். சிந்தினாலும் படகுக்குள் சிந்தாது. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகை மோட்டார் ஓடும்போது திறந்தும், தூக்கிச் செல்லும்போதும் நிறுத்தி வைக்கும்போதும் மூடியும் வைக்க வேண்டும். திறந்தே விட்ட திருகுதான் பல படகுகளில் வாடைக்குக் காரணம்.

கேனிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சுவது இன்றும் நடக்கிறது. ஒரு வாய் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும், உயிருக்கே ஆபத்து. அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குப் போகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். கையால் அமுக்கும் பம்பு ஒன்று வாங்கிக் கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வாடை போகவில்லை என்றால்

நிரப்பும்போது சிந்தவில்லை, ஆனாலும் வாடை வருகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. ஊற்றும் குழாய் டேங்கோடு சேரும் இடம், கிளிப்புகள், வடிகட்டியின் வாசர், எஞ்சினுக்குப் போகும் ஹோஸ், டேங்கின் அடிப் பற்றவைப்பு ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெள்ளைத் தாளைச் சுற்றிக் கட்டிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறை சொல்லிவிடும். தீக்குச்சி கிழித்தோ, லைட்டர் வைத்தோ பார்க்கவே கூடாது.

வாடையையும் பிரித்தறிய வேண்டும். பெட்ரோல் வாடையும் டீசல் வாடையும் எல்லோருக்கும் பழக்கம். அழுகிய முட்டைக்கோஸ் போன்ற வாடை வந்தால் அது சமையல் கேஸ். அந்த வாடை எச்சரிக்கைக்காகவே அதில் கலக்கப்படுகிறது. சமையல் கேஸும் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கதவு வழியாக வெளியேறுவது போலப் படகில் வெளியேறாது, அடியில் தங்கும். சிலிண்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல், எல்லோரும் கரையேறிக் காற்றாட விட வேண்டும்.

சிந்திய எண்ணெயை மரத்தூள், தென்னை நார்த் தூள், பழஞ்சாக்கு இவற்றால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டின்னில் போட்டுக் கரைக்குக் கொண்டு வர வேண்டும். எண்ணெய்த் துணியை எஞ்சின் அறையில் சுருட்டி வைப்பது தீக்குத் தீனி போடுவதாகும். சோப்புத் தூள் போட்டுக் கழுவித் துறைமுகத் தண்ணீரில் தள்ளுவதும் தீர்வல்ல. எண்ணெய் கண்ணுக்கு மறையுமே தவிரத் தண்ணீருக்குள் கலந்து மீன் குஞ்சுகளுக்குக் கேடு செய்யும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். உலர் பவுடர் அணைப்பான், மணல், ஈரச் சாக்கு இவையே உதவும்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

படகுக்காரர் செய்ய வேண்டியது இருக்கட்டும். நம் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

ஒன்று: காலியான சமையல் எண்ணெய் டின், குடிதண்ணீர் கேன் இவற்றை டீசல், பெட்ரோல் வாங்குவதற்கென்று கேட்பவர்களுக்கு விற்க வேண்டாம். அவை அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல; மூடி இறுகாது, வெயிலில் உப்பும். எண்ணெய் இருந்த கேன் மறுபடி தண்ணீருக்குப் போவதும், பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயைக் குழந்தை தண்ணீர் என்று குடிப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

இரண்டு: படகுக்குச் சாமான் அனுப்பும் வண்டியில் எண்ணெய்க் கேனையும் சேர்த்து ஏற்ற அனுமதிக்க வேண்டாம். வேறு வழியில்லை என்றால் முதலில் கேனை இறக்கிவிட்டு, வண்டியைத் துடைத்த பிறகு மளிகையை ஏற்றலாம். அரிசி, மாவு, தேயிலை ஆகியவற்றை உள்ளே பிளாஸ்டிக் பை போட்ட சாக்கில் கட்டிக் கொடுத்தால் சரக்குத் திரும்பி வராது.

மூன்று: இரும்புக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை டீசல் ஹோஸ் என்று வெட்டிக் கொடுக்க வேண்டாம். சில மாதத்தில் அது விறைத்து வெடிக்கும். எண்ணெய்க்கென்று உள்ள ஹோஸ், துருப்பிடிக்காத கிளிப், ரப்பர் வளையம், வலை வைத்த புனல், கைப் பம்பு, உலர் பவுடர் அணைப்பான் இவற்றை இருப்பு வைத்தால் வாடிக்கையாளருக்கும் நன்மை, நமக்கும் நியாயமான வியாபாரம்.

நான்கு: சட்டம். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி பெட்ரோல் 'ஏ' வகுப்பு. டீசலும் மண்ணெண்ணெயும் 'பி' வகுப்பு. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மட்டும், 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகப் பாத்திரங்களில் மொத்தம் 30 லிட்டர் பெட்ரோல் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. விற்பனை என்று வந்தால் ஒரு லிட்டருக்கும் இந்தச் சலுகை இல்லை. 'பி' வகுப்பில் 2,500 லிட்டர் வரை இந்தச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டாம் என்றாலும், அது சில்லறை விற்பனைக்கு அனுமதி அல்ல. பெட்ரோலையும் டீசலையும் அங்கீகாரம் பெற்ற டீலர்களே விற்கலாம் என்பது 2005ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணை. படகுக்காரருக்கு உதவி என்று நினைத்துக் கடையின் பின்புறம் நாலு கேன் வைத்து விற்பவர், ஒரு விபத்து நடந்தால் வழக்கையும் சந்திக்க வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் பணத்தையும் இழக்க நேரிடலாம்.

முடிவாக

மேலே சொன்னவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஓர் அளவு குச்சி, ஒரு ரப்பர் வளையம், சுத்தமான காற்றுக் குழாய், கூட நிற்க ஓர் ஆள், பத்து நிமிடப் பொறுமை இவை போதும். நம் கடைக்கு வரும் படகு உரிமையாளரிடமும் டிரைவரிடமும் கணக்குப் பேசும்போதே இந்த இரண்டு வார்த்தையையும் பேசலாம். "90க்கு மேல் நிரப்பாதீர்கள், எஞ்சின் எடுக்கும்முன் முகர்ந்து பாருங்கள்" என்று சொல்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. படகு பத்திரமாகத் திரும்பினால்தான் மீன் ஏலம் போகும். மீன் வாடையில்லாமல் ஏலம் போனால்தான் நம் பாக்கி வசூலாகும். எல்லாவற்றையும்விட, நம்மிடம் சாமான் வாங்கிச் சென்றவர் மறுவாரமும் நம் கடை வாசலில் வந்து நிற்க வேண்டும். துறைமுகப் பகுதி உறுப்பினர்கள் இந்தக் குறிப்புகளைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.